ராதாமணி போய்ப் பார்த்துவிட்டு வந்த ஊர்

போன ஆடி மாதம் சௌரிராஜனுக்கு நெஞ்சுவலி வந்தபோது ராதாமணி அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மகன் ராகேஷையும் கூடவே கூட்டிக்கொண்டுதான் போனாள். அவனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஆனால் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளை. சோறு போட்டால் சாப்பிடுவான், சட்டையை எடுத்துக் கொடுத்தால் மாட்டிக்கொள்வான். வீட்டில் தனியாக விட முடியாது.

அவசரப் பிரிவில் நோயாளியோடு ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள் நர்ஸ். ராகேஷ் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். பிடியைத் தளர்த்தினால் கத்தினான். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் நர்ஸ் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, "நீங்க இங்கனயே நில்லுங்கம்மா, டாக்டர் வந்து சொல்லுவாரு" என்று போய்விட்டாள். கட்டிய புருஷன் உள்ளே கிடக்க, ராதாமணி வெளியிலேயே நின்றாள்.

சௌரிராஜன் பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நியூசிலாந்தில் குடியிருக்கும் மகள் பிருந்தா பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து, மருந்து கொடுத்து, ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியபோது அம்மாவைச் சமையற்கட்டில் பிடித்துக்கொண்டாள். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அடுத்த தடவை உனக்கே ஏதாச்சும் ஆனா என்னம்மா பண்ணுவீங்க? அப்பா உன்னைப் பாப்பாரா, அவனைப் பாப்பாரா?"

அந்த வராந்தாவில் நின்ற நேரம் முழுக்க ராதாமணியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு பேரும் அங்க வந்துருங்க. உடனே இல்ல. மூணு மாசம் வந்து இருந்து பாருங்க. ராகேஷ் மாதிரி ஆளுங்க பகல்ல போய் இருக்கிறதுக்கு இடம் இருக்கு, நல்லாப் பாத்துக்கறாங்க. ஒரேயடியா குடியேறுறது சிக்கல்னுதான் சொல்றாங்க, அவன் உடம்பைக் காரணம் காட்டுவாங்களாம். ஆனா ஒரு வக்கீல் முயற்சி பண்ணிப் பாக்கலாங்கறாரு. முதல்ல வந்து பாருங்க."

சௌரிராஜனுக்கு அதைக் கேட்டதுமே முகம் தெளிந்துவிட்டது. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எடுத்த காரியத்தை யார் தலையிலாவது இறக்கிவைத்தால் போதும் என்ற அலுப்பு அவருக்கு வந்திருந்தது. மகள் தலை என்றால் இன்னும் நல்லது. "போவோம் ராதா. போய்ப் பாக்கிறதுல என்ன நட்டம்?" என்றார்.

ராதாமணி கணக்கில் பட்டம் வாங்கியவள். கல்யாணம் ஆன புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் பார்த்தாள். ராகேஷ் பிறந்து, டாக்டர் விஷயத்தைச் சொன்ன பிறகு வேலையை விட்டாள். வில்லாபுரம் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். ஒரு கண் கரும்பலகையில், ஒரு கண் ராகேஷ் மேல். சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு சௌரிராஜனும் பிருந்தாவும்தான் போய்வந்தார்கள். மண்டபத்தில் யாராவது குழந்தையின் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவதும், ராகேஷ் மேளச்சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுவதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மெல்லமெல்லக் கூப்பிடுபவர்களும் குறைந்துபோனார்கள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஓர் இரவுகூட அவள் அவனைப் பிரிந்து படுத்ததில்லை.

ராகேஷுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. வந்ததும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் பாதி சௌராஷ்டிரம், பாதி தமிழ். தண்ணீருக்குப் பாணி, சோற்றுக்குப் பாத். பசி, வலி, வேண்டாம் என்பதெல்லாம் அவன் சொல்கிற விதத்தில் சொன்னால் அம்மாவுக்கு மட்டும் புரியும்.

ஒரு காரியம் என்று இறங்கிவிட்டால் திட்டம் போடுவதில் ராதாமணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அரைமனதாகத்தான் பயணத்துக்குச் சரி என்றாள். ஆனால் ஏற்பாட்டை முழுமனதாகச் செய்தாள். அத்தனை மணி நேரம் விமானத்தில் ராகேஷ் உட்காருவானா? அதற்கு ஒத்திகை பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்து, பழைய துப்பட்டாவை இடுப்பில் பெல்ட் மாதிரி கட்டிப் பழக்கினாள். காதில் ஹெட்போன் மாட்டிவிட்டாள். ஏசி பஸ்ஸில் திருச்சிவரை கூட்டிப்போய்த் திரும்பினாள். ரொட்டியும் வேகவைத்த காய்கறியும் கொடுத்துப் பார்த்தாள். பெல்ட்டும் பஸ்ஸும் அவனுக்குப் பிடித்துப்போயின. ரொட்டியை மட்டும் தட்டின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, "பாத்" என்று கையை நீட்டினான்.

எல்லாவற்றையும் பார்த்தபின் ஒன்று பாக்கி இருந்தது. அங்கே போன இடத்தில் அவள் காய்ச்சலில் விழுந்தால்? பகலெல்லாம் அவனை முன்பின் தெரியாத மனிதர்களிடம் விட வேண்டுமென்றால்? அவள் இல்லாமல் ஓர் இரவு அவன் இருப்பானா என்பது யாருக்கும் தெரியாது. அதைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"யார்கிட்ட விடுவ?" என்று கேட்டார் சௌரிராஜன்.

அவளுக்குத் தோன்றியது ஒரே பெயர்தான். முத்துமீனா.

சௌரிராஜன் வேலை பார்த்த அதே கம்பெனிக்கு ராகேஷும் சில வருடங்களாகப் போய்வந்துகொண்டிருந்தான். முதலாளி ஜெரால்ட், சௌரிராஜனைக் கூடப்பிறந்த அண்ணனாக நினைப்பவர். "வீட்டுல சும்மா எதுக்கு அண்ணே இருக்கணும், பேக்கிங்ல உக்காரட்டும்" என்று அவர்தான் கூப்பிட்டார். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடும். பேக்கிங்கில் அவன் பக்கத்தில் உட்காருபவள் முத்துமீனா. கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரி, புருஷன் இல்லாதவள். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டு, வாரம் முழுதும் கப்பலூரில் அறை எடுத்துத் தங்கி, வாரக்கடைசியில் ஊருக்குப் போகிறவள். இவ்வளவும் ராதாமணி கேள்விப்பட்டதுதான். ராகேஷ் வேனில் ஏறிப்போகும் அந்த இடத்தை அவள் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அவன் போயிருக்கும் நேரம்தான் அவளுக்கு வாய்த்த ஓய்வு.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவள் கப்பலூருக்குப் போனாள். ரப்பர் வேகும் வாடை வாசலிலேயே முகத்தில் அடித்தது. பேக்கிங் கொட்டகையில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ராகேஷ் முன்னால் ஆணிகள் பதித்த ஒரு பலகை. பைப்புக்குப் போடும் ரப்பர் வாசரை ஆணிக்கு ஒன்றாக மாட்டுகிறான். எல்லா ஆணியும் நிறைந்ததும் பலகையை முத்துமீனாவிடம் தள்ளுகிறான். அவள் மொத்தமாகக் கழற்றிக் கவரில் போட்டு ஒட்டுகிறாள். அவனுக்கு எண்ணத் தெரியாது. அதற்காகத்தான் ஜெரால்ட் அந்தப் பலகையைச் செய்துகொடுத்திருந்தார்.

ராதாமணி தூணோரம் நின்று பார்த்தாள். வரிசையின் கடைசியில் இருந்த வயதான பெண் ஒருத்தி நிமிராமலேயே, "ஏ, அந்தப் பாணியை இங்கிட்டுத் தள்ளுங்கடி" என்றாள். தண்ணீர்க்குடம் கைமாறிப் போனது.

ராதாமணிக்கு ஒரு கணம் யாரோ தன் வீட்டு ஆள் பேசியதுபோல் இருந்தது. அந்தப் பெண்ணின் ஊர் திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம். அவளுக்குச் சௌராஷ்டிரம் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது.

"தம்பி சொல்லிச் சொல்லி எங்க எல்லாத்துக்கும் அதே வாயில வந்துருச்சுக்கா" என்று சிரித்தாள் முத்துமீனா.

கேட்க வந்ததை ராதாமணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். இரண்டு இரவு மட்டும் ஊருக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள முடியுமா என்று.

முத்துமீனா யோசித்தாள். "அழுவான்க்கா."

"தெரியும்."

"அழுதான்னா போன் பண்ணுவேன். நீங்க ஓடி வந்துரக் கூடாது. வந்தீகன்னா அழுதா அம்மா வரும்னு ஆகிப்போகும். சம்மதமா?"

ராதாமணி தலையாட்டினாள்.

கிளம்பும்போது ஜெரால்ட் அவளை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். வெளிநாட்டுப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. "நான் இருக்கிறவரைக்கும் ராகேஷுக்கு இங்க இடம் உண்டு மதினி. எனக்கப்புறம் ஆல்பின் இதை நடத்துவானா, வித்துப்புட்டுப் போயிருவானா, அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பாவம்" என்றார். ஆல்பின் அவருடைய மகன். பெங்களூரில் வேலை பார்த்தான். இந்த மனிதர் பொய் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நேரத்தில் ராதாமணிக்குத் தோன்றியது.

சனிக்கிழமை கம்பெனி விட்டதும் முத்துமீனா ராகேஷைக் கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். வீட்டில் ராதாமணி மூன்று பேருக்கு வடித்துவிட்டாள். சௌரிராஜன் சாப்பிட்டு எழுந்தார். படுக்கப் போகும் நேரத்தில் போன் வந்தது.

"அழுகுறான்க்கா. நான் பொய் சொல்ல மாட்டேன். வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். சோறு வேண்டாங்கறான்."

அந்தப் பக்கம் ராகேஷின் குரல் கேட்டது. ராதாமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சௌரிராஜன் சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கினார். "எங்க கிளம்புறீங்க?" என்றாள். "ஒரு காரு பிடிச்சா போயிரலாம் ராதா." "வேண்டாம். உக்காருங்க." அவர் பொத்தான் போடாத சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தார். அவருடைய நெஞ்சைப் பார்த்து அவளுக்குப் பயமாகவும் இருந்தது. அப்படியும் அவள் கிளம்பவில்லை.

மறுநாள் காலை முத்துமீனா மறுபடி பேசினாள். அசந்துபோய்த் தூங்கிவிட்டான், பாயை நனைத்துவிட்டான், குளிப்பாட்டியாகிவிட்டது, கம்பங்கூழைக் கொடுத்ததும் குடித்துவிட்டான். இரண்டாம் இரவு கொஞ்சமாக அழுதான். திங்கட்கிழமை நேராக வேலைக்குப் போய், வாசர் மாட்டிவிட்டு, எப்போதும் போல வேனில் வந்து இறங்கினான்.

ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்த்துத் தெருமுனையில் நின்றாள் ராதாமணி. அவன் அவளைத் தாண்டிப் போனான். வீட்டுக்குள் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்கு மட்டுமல்ல, அந்த வாரம் பூராவும் அவள் ஊட்டப் போனாலும் வாயை மூடிக்கொண்டான். அவளைப் பார்க்கவே மாட்டேன் என்றான். அவனுக்குப் பிடிக்குமே என்று முள்ளுமுருங்கை அடை சுட்டுவைத்தாள். அதையும் அப்பா கையால்தான் வாங்கிக்கொண்டான்.

ராதாமணி கொல்லைப்புறம் போய் அழுதாள். பிள்ளை கோபித்துக்கொண்டானே என்று மட்டும் அவள் அழவில்லை. தான் செத்துப்போனாலும் அவனுக்கு இது இப்படித்தான் இருக்கும் என்று புரிந்துவிட்டது. அம்மா என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் நினைப்பான். கதவைப் பிடித்துக்கொண்டு அழுவான். பாயை நனைப்பான். பிறகு யாராவது கூழ் கொடுத்தால் குடிப்பான். அந்த யாராவது யார் என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

அந்த வாரக்கடைசியில் பிருந்தாவைக் கூப்பிட்டாள். "மூணு பேரும் வரலை. நான் மட்டும் வாரேன்."

பிருந்தா திகைத்துப்போனாள். "நீயா? நீ அவனை விட்டுட்டு வரமாட்டியேம்மா."

"இப்ப வருவேன். அப்பாவும் முத்துமீனாவும் பாத்துக்குவாங்க. அந்த இடம் எப்படி இருக்குன்னு என் கண்ணால பாக்கணும். பாக்காமயே வேண்டாம்னா அது பயம். பாக்காமயே சரின்னா அது அலுப்பு."

அலுப்பு என்ற வார்த்தை பக்கத்தில் இருந்த சௌரிராஜனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் எழுந்து வெளியே போனார்.

மாசியில் அவள் கிளம்பினாள். முத்துமீனா இருபது நாளைக்குத் தன் அறையைப் பூட்டிவிட்டு வில்லாபுரம் வீட்டுக்கு வந்து தங்கினாள். விமானத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கேட்டு பெல்ட் மாட்டினாள் ராதாமணி. மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தானே மறந்திருந்தாள்.

பிருந்தா இருந்த ஊர் சுத்தமான, அமைதியான ஊர். வீட்டுக்குப் பின்னால் புல்வெளி. பேரப்பிள்ளைகள் பாட்டியை அன்பாகத்தான் பார்த்தார்கள், ஆனால் அவள் பேச்சு அவர்களுக்கு விளங்கவில்லை. "நான் சொல்லிக்கொடுக்கலம்மா. நேரமே இல்லாமப் போச்சு" என்று பிருந்தா தானாகவே சொன்னாள்.

அந்தப் பகல்நேர இடத்துக்கு மகள் கூட்டிப்போனாள். தோட்டத்தில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பிய முகத்தைப் பார்த்ததும் ராதாமணி நின்றுவிட்டாள். ராகேஷின் அதே கண்கள், அதே சின்ன மூக்கு, ஆனால் தலை முழுக்க நரை. ராகேஷ் மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள், வாலிபர்களைப் பார்த்திருக்கிறாள். அந்த முகத்தில் ஒரு கிழவரை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் வாளியை வைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஈரக்கை.

"இவரோட அப்பா அம்மா?" என்று கேட்கச் சொன்னாள். அங்கே வேலை செய்த பெண் சொன்னதைப் பிருந்தா அம்மாவுக்குச் சொன்னாள். இருவரும் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. இவர் இன்னும் மூன்று பேரோடு ஒரு சாதாரண வீட்டில் இருக்கிறார். உதவிக்கு ஆட்கள் மாறிமாறி வருகிறார்கள்.

"அம்மா செத்தப்போ அழுதாரான்னு கேளு."

பிருந்தா தயங்கிவிட்டுக் கேட்டாள். "அழுதாராம். இப்பவும் சில நாள் அழுவாராம்."

ராதாமணி அந்த மனிதரைப் பார்த்தபடியே இருந்தாள். அவர் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பிருந்தா கேட்டாள். "பிடிச்சிருக்காம்மா?"

"ரொம்ப நல்ல இடம்."

"அப்ப வருவீங்களா?"

"இல்ல பிருந்தா. இங்க அவன் வாயைத் திறந்தா உன்னையும் எங்களையும் விட்டா யாருக்கும் புரியாது. நாங்க போனப்புறம் உனக்கு மட்டும். அம்புட்டுப் பாரத்தை உன் ஒருத்தி மேல வைக்கக் கூடாது."

பிருந்தா ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "நான் சொல்லவே இல்லையேம்மா பாரம்னு. அவன் என் தம்பி. அவனை விட்டுட்டு ஓடிவந்துட்டேன்னு நினைச்சுக்கிட்டேதான் நான் இங்க இருக்கேன், தெரியுமா?"

ராதாமணிக்குத் தெரியாது. மகள் நன்றாக இருக்கிறாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அண்டைவீட்டு மரத்திலிருந்து இலைகள் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தன. மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஊர் திரும்பி, தான் பார்த்ததைக் கணவரிடம் சொன்னாள். சௌரிராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப போகலை" என்றார். அவருக்கு ஏமாற்றம்தான். அதை மறைக்கவும் இல்லை. அதிலிருந்து மீள அவருக்குப் பங்குனி முழுக்கத் தேவைப்பட்டது.

ராதாமணி சும்மா இருக்கவில்லை. ராகேஷ் சின்ன வயதில் போன சிறப்புப் பள்ளியில் பழக்கமான தாய்மார்களைத் தேடிப்பிடித்தாள். அவனியாபுரத்தில் அழகம்மாள், மகன் பேசமாட்டான். தெற்குவாசலில் ஜாய்ஸ், மிஷன் பள்ளி ஆசிரியை, மகளுக்கு வலிப்பு உண்டு. மூன்று குடும்பமும் சேர்ந்து ஒரு வீடு பிடித்து, உதவிக்கு ஆள் போட்டு, பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளை வாரத்தில் சில இரவு அங்கே பழக்குவது. இதுதான் அவள் சொன்ன யோசனை. ஜாய்ஸ் உடனே ஒத்துக்கொண்டாள். அழகம்மாள், "நான் இருக்கும்போதே எம்புள்ளையை ஏன் வெளிய விடணும்?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய், ஒரு மாதம் கழித்துத் தானாகவே வந்தாள். முத்துமீனா, "என்னால முடிஞ்சவரைக்கும் இருப்பேன்க்கா. முடியாதன்னிக்குச் சொல்லிருவேன்" என்றாள். பிருந்தா ஞாயிறுதோறும் போனில் தம்பியோடு வீட்டு மொழியில் பேசத் தொடங்கியிருக்கிறாள். சில ஞாயிறுகளில் அவன் பேசுவான், சில ஞாயிறுகளில் எழுந்து போய்விடுவான்.

வீடுதான் இன்னும் அமையவில்லை. வில்லாபுரத்திலேயே ஒரு வீட்டை எல்லாருமாகப் போய்ப் பார்த்தார்கள். கிணற்றை மூடிய முற்றம், மூன்று அறை, நல்ல வெளிச்சம். வீட்டுக்காரர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மத்த குடித்தனக்காரங்க என்ன சொல்லுவாங்களோ" என்று இழுத்தார். ராகேஷ் அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் வெறும் சிமெண்டுத் தரையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான். "எந்திரி ராகேஷ், இது இல்ல" என்று சௌரிராஜன்தான் போய்க் கையைக் கொடுத்துத் தூக்கினார். சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். பிறகு ராதாமணியின் பக்கம் திரும்பி, "அடுத்த தெருவுல ஒண்ணு காலியா இருக்குன்னாங்களே, அதையும் பாத்துட்டே போயிருவோம்" என்றார்.